மில் ஐயாவின் செருமல்

மில் ஐயா ஐப்பசியில் செத்துப்போனார். செத்தது அவர்தானா என்று உறுதி செய்துகொள்வதற்காகவே சாலிக்குளம் மொத்தமும் சுடுகாடு வரைக்கும் போய், நெஞ்செலும்பு வெந்து விழுகிற வரைக்கும் நின்று பார்த்து, குளித்து, வீடு திரும்பி, பல வருஷங்களுக்குப் பிறகு முதல் முறையாகக் காலை நீட்டி உட்கார்ந்தது. நீட்டிய கால் மரத்துப்போவதற்குள், தை மாதப் பனி விலகாத ஒரு காலையில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரேயுள்ள டீக்கடை வாசலில் முட்டைக்காரி சகாயமேரி தன் மொபெட்டை நிறுத்தி, கடைக்கு ஓர் அட்டை முட்டையை இறக்கி வைத்துவிட்டு, மறுபடி ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டரைத் திருகியபோது, வண்டியின் வயிற்றுக்குள்ளே கிளட்ச் பிடிக்கிற அந்த ஒரு நொடியில், மில் ஐயா தொண்டையைச் செருமினார்.

"க்ர்ர்ர்ஹ்ம்... யார்றா அங்க?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். தோளில் கிடந்த துண்டுகள் இடுப்புக்கு இறங்கின, மடித்துக் கட்டிய வேட்டிகள் கணுக்காலுக்கு இறங்கின, டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஒரு கையில் இருந்த தேநீரை மறு கையில் இருந்த குவளைக்கு ஊற்றாமல் அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் பயந்து ஓடவில்லை, யாரும் பேய் என்று கத்தவில்லை. அதற்கெல்லாம் அவர்களுக்கு நேரமில்லை, எழுந்து நிற்கிற வேலை இருந்தது. பிறகு, ஒருவர் பின் ஒருவராக, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குச் சொல்வதுபோல, "நான்தாங்கய்யா", "நான்தாங்கய்யா" என்று மொபெட்டின் எஞ்சினைப் பார்த்துச் சொன்னார்கள்.

சகாயமேரி ஆக்சிலேட்டரை விட்டாள். வண்டி தணிந்தது. அவள் குனிந்து எஞ்சினைப் பார்த்தாள், நிமிர்ந்து பெஞ்சைப் பார்த்தாள்.

"கிளட்ச்சு அண்ணே. ரெண்டு நாளா கடமுடான்னுதான் இருந்துச்சு" என்றாள், ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல.

அவர்கள் கைகட்டி நின்றார்கள். ஐயா இருக்கிற இடத்தில் அவர்கள் பேசிப் பழக்கமில்லை.

மில் ஐயாவுக்கு ரத்தினவேலு என்று ஒரு பேர் இருந்தது. அது பேருந்து நிழற்குடையிலும் தண்ணீர்த் தொட்டியிலும் எழுதியிருந்ததே தவிர, எந்த வாயிலும் இருந்ததில்லை. அவருக்கு ஓர் அரிசி ஆலை இருந்தது, இரண்டு பேருந்துகள் ஓடின, நின்ற தேர்தலிலெல்லாம் எதிராளி இல்லாமல் தலைவர் ஆனார். அவர் யாரையும் அடித்ததில்லை. அடிக்க வேண்டிய தேவையை அந்த ஊர் அவருக்கு ஒருநாளும் வைத்ததில்லை. பெரிய தெருவில் தன் வீட்டு வாசலில் பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஈரச் சரளையைத் தகர டப்பாவில் கொட்டியதுபோல ஒருமுறை செருமுவார், அவ்வளவுதான். தெருவின் அந்தக் கடைசியில் ரேடியோ அணையும், கல்யாண ஊர்வலத்தின் மேளம் தெருமுனையிலேயே வாயை மூடிக்கொண்டு சந்து வழியாகச் சுற்றிப் போகும், மேற்குத் தெரு ஆட்கள் சைக்கிளில் வந்தால் இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தள்ளிக்கொண்டே போய் மறுமுனையில் ஏறிக்கொள்வார்கள். அப்படிச் செய்யச் சொல்லி எந்தச் சுவரிலும் எழுதியிருக்கவில்லை. ஒரு தொண்டை இருந்தது, அதற்குக் கீழ்ப்படிய ஓர் ஊர் இருந்தது.

சகாயமேரி மேற்குத் தெருக்காரி. அவளுடைய அப்பா இன்னாசி, சைக்கிளின் பின் சீட்டில் அவளை உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகிறபோது, பெரிய தெரு முனையில் அவளையும் இறக்கிவிட்டு நடத்திக் கூட்டிப் போவார். மகளாவது உட்கார்ந்து வரட்டுமே என்று அவருக்குத் தோன்றியதில்லை. தோன்றியிருந்தாலும் அவளுக்குத் தெரியாது.

டீக்கடையில் நடந்தது மதியத்துக்குள் ஊர் முழுவதும் பரவிவிட்டது. இப்படி ஒன்று வேறெங்காவது நடந்திருந்தால், செத்தவர் எப்படி ஒரு கிளட்ச்சுக்குள் வந்து புகுந்தார் என்று யாராவது ஒருவராவது கேட்டிருப்பார். சாலிக்குளத்தில் அப்படி யாரும் கேட்கவில்லை. ஐயாவால் எங்கேயும் வர முடியும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. அவர்களை வாட்டியது வேறு: சொந்தப் பேருந்துகள் இரண்டு ஓடுகின்றன, இரண்டின் கிளட்ச்சும் அவர் உயிரோடு இருந்த காலத்திலிருந்தே கெட்டுத்தான் கிடக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு இந்த முட்டை வண்டிக்கு ஏன் போனார்? ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஐயாவுக்கு முட்டை பிடிக்கும் என்றார் ஒருவர். ஐயா எளிமையானவர் என்றார், அவரிடம் ஒருமுறைகூடப் பேசியிராத இன்னொருவர். கடைசியில், மேற்குத் தெருக்காரர்கள் சந்துபொந்தெல்லாம் புகுந்து வருகிறவர்கள், ஆகவே ஊரைக் கண்காணிக்க ஐயா பார்த்துத்தான் அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று முடிவாயிற்று. அந்த முடிவு எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. கண்காணிக்கப்படாமல் கழிந்த இரண்டு மாதமும் அவர்களுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

சகாயமேரிக்கு இதில் எதுவும் தேவைப்படவில்லை. அவளுக்குக் கிளட்ச் சரியாக வேண்டும். செருமலோடு சேர்ந்து வண்டி ஓர் உதறு உதறியது. நின்று கிளம்புகிற ஒவ்வொரு முறையும் பின்னால் கட்டியிருந்த அட்டைகள் குலுங்கி, அடியில் இருக்கிற முட்டைகள் உடைந்து, மஞ்சள் கரு பின்சக்கரத்தின் மேல் ஒழுகியது. தெருநாய்கள் வண்டிக்குப் பின்னால் ஊர்வலமாக வந்தன. அவள் வண்டியை உருட்டிக்கொண்டு மெக்கானிக் தனபால் பட்டறைக்குப் போனாள்.

தனபால் வண்டியைச் சுற்றி வந்தான், உட்கார்ந்தான், கிளட்ச் மூடியைத் தட்டிப் பார்த்தான்.

"உள்ள கிளட்ச் ஷூ வழவழன்னு ஆயிருக்கும். ஸ்பிரிங்கும் தளந்தோ அறுந்தோ இருக்கும். ஒரே நேரத்துல விரியாம ஒண்ணு முந்தி ஒண்ணு பிந்தி விரிஞ்சா இப்படித்தான் சத்தம் வரும், வண்டி உதறும். கழட்டித் தொடச்சு, ரெண்டையும் மாத்தினா சரியாப் போயிரும். அரை மணி நேர வேலை."

"அப்ப மாத்துண்ணே."

"ஸ்டார்ட் பண்ணு, ஒருக்கா கேட்டுப் பாப்போம்."

அவள் மிதித்து, திருகினாள்.

"க்ர்ர்ர்ஹ்ம்... யார்றா அங்க?"

தனபால் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. அவன் எழுந்து, கிரீஸ் படிந்த கைகளைச் சட்டையிலேயே துடைத்து, அந்தக் கைகளைக் கட்டிக்கொண்டு, "தனபாலுங்கய்யா, பட்டறைக்காரன்" என்றான். பிறகு சகாயமேரியின் பக்கம் திரும்பி, உதடு அசையாமல் முணுமுணுத்தான்.

"கொண்டு போயிரு தாயி."

"அரை மணி நேர வேலைன்னியேண்ணே."

"ஐயா நெஞ்சுல ஸ்பேனரை வைக்கச் சொல்றியா? எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

சந்தைப்பேட்டையில் ஒரு மெக்கானிக் இருந்தான், வெளியூர்க்காரன். அவனிடம் போனாள். வண்டி செருமியதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. அவனுடைய அப்பா ஒரு காலத்தில் மில் ஐயாவின் ஆலையில் மூட்டை தூக்கியவராம். அவன் தான் உட்கார்ந்திருந்த முக்காலியை எடுத்து வண்டிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, தான் தரையில் உட்கார்ந்தான்.

அதற்கப்புறம் ஊர் அந்த வண்டியோடு வாழப் பழகிக்கொண்டது. எவ்வளவு சுலபமாகப் பழகியது என்பதைத்தான் சொல்ல வேண்டும். முதலில் அவர்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது: ஐயாவின் மேல் ஒரு மேற்குத் தெருப் பெண் ஏறி உட்கார்ந்து போகிறாளே, இது அடுக்குமா? இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். தள்ளினால் ஐயா பேசமாட்டார், ஏறி ஓட்டினால்தான் பேசுவார் என்று அவள் சொன்னாள். அது உண்மையும்கூட. ஆகவே அவள் உட்காரவில்லை, ஐயாதான் அவளைச் சுமக்கிறார், அது அவருடைய பெருந்தன்மை என்று சொல்லி அந்தச் சங்கடத்தை மென்று விழுங்கிவிட்டார்கள். பிறகு எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. அவள் வருகிற நேரத்துக்குப் பெரிய தெருவில் வாசல் தெளித்து வைத்தார்கள். வேகத்தடையில் அவள் வண்டி தணிந்து மறுபடி கிளம்புகிற இடத்தில்தான் செருமல் வரும் என்று கண்டுபிடித்தவர்கள், தங்கள் வாசலுக்கு நேரேயும் ஒரு வேகத்தடை வேண்டும் என்று பஞ்சாயத்தில் சண்டை போட்டு வாங்கிக்கொண்டார்கள். எல்லைத் தகராறுகளை வண்டியின் முன்னால் வந்து சொன்னார்கள். வண்டி செருமினால் நியாயம் இந்தப் பக்கம், செருமாமல் நகர்ந்தால் அந்தப் பக்கம். கட்சிக்காரர்கள் வந்து ஹெட்லைட்டுக்கு மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஹெல்மெட் இல்லாததற்காக எப்போதும் அவளை நிறுத்துகிற போலீஸ்காரர், இப்போது விறைத்து நின்று வண்டிக்கு சல்யூட் வைத்து, "நான்தாங்கய்யா, ஸ்டேஷன்லேர்ந்து" என்றார்.

மில் ஐயாவின் மகன் ஜெயச்சந்திரன் தினமும் வாசலில் வந்து நின்றான். ஐம்பதைத் தாண்டியவன், ஆலைக்கும் பேருந்துகளுக்கும் இப்போது முதலாளி, ஆனால் அப்பாவின் பிரம்பு நாற்காலியில் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. அதன் பக்கத்தில் நின்றுகொண்டே கணக்கு கேட்பான், நின்றுகொண்டே காபி குடிப்பான். சகாயமேரியின் வண்டி வந்ததும் கைகாட்டி நிறுத்தி, குனிந்து, சைலன்சர் சூட்டில் கன்னம் சிவக்க எஞ்சினுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "அப்பா, ஆலைக்கு மோட்டார் மாத்தலாமாப்பா?" என்று கேட்பான். அவள் ஆக்சிலேட்டரைத் திருகுவாள். "யார்றா அங்க?" என்று பதில் வரும். "சந்திரன்ப்பா" என்பான். அதற்கு மேல் அவனால் எதுவும் கேட்க முடியாது. மோட்டார் மாற்றப்படாமலே கிடந்தது.

மேற்குத் தெரு மட்டும் என்ன வாழ்ந்தது? முதல் வாரம் அவர்களும் எழுந்து நின்றார்கள். அடுத்த வாரம், பெரிய தெரு முழுவதும் நம்ம ஆள் ஒருத்திக்கு எழுந்து நிற்கிறதே என்று யாரோ சொல்ல, தெருவே மார்பை நிமிர்த்திக்கொண்டது. சகாயமேரியின் புருஷன் எட்வின், அதுவரைக்கும் முட்டை வியாபாரம் பொம்பளை வேலை என்று வீட்டில் படுத்துக் கிடந்தவன், மீசையை முறுக்கி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவளுக்குப் பின்னால் ஏறி உட்கார ஆரம்பித்தான். முட்டை அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு, அமைச்சர்போல இரண்டு பக்கமும் கை அசைத்தான்.

"கிளட்ச்சை மாத்தப்போறேன்னு சொல்றியாமே? கிறுக்கு புடிச்சிருக்கா உனக்கு?" என்றான் ஒருநாள் சாப்பிடும்போது.

"முட்டை உடையுதுங்க. டெய்லி அடியில இருக்கறது பூரா கூழு."

"உடையட்டுமே. எங்கப்பன் காலத்துல எவனாவது நம்மளப் பாத்து எந்திரிச்சானா? இன்னைக்குப் பூராப் பயலும் எந்திரிக்கிறான்."

"நம்மளப் பாத்தா எந்திரிக்கிறாங்க?"

"எதப் பாத்தா என்ன? எந்திரிக்கிறானுகள்ல."

அவள் அன்றைக்குக் கிளட்ச் பேச்சை விட்டுவிட்டாள். ஏனென்றால் அவளுக்கும் அது பிடித்திருந்தது. பெரிய தெரு முனைக்கு வந்ததும் அவள் வேண்டுமென்றே வண்டியைத் தணித்து, மறுபடி திருகுவாள். அந்தச் செருமலில் வரிசையாகக் கதவுகள் திறந்து, வரிசையாகத் தலைகள் குனிய, அவள் நடுத்தெருவில், சேலை முந்தானை காற்றில் அடிக்க, செருப்புக் காலோடு போவாள். தான் சின்னப் பெண்ணாக இறக்கிவிடப்பட்ட அந்த முனையைக் கடக்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சுக்குள் தேன் ஊற்றியதுபோல இருக்கும். ஒழுகுகிற மஞ்சள் கருவைக்கூட அவள் மறந்துபோவாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஆனால் அவளும் அந்த ஊர்க்காரிதான்.

பங்குனி மாதத்தில் ஒரு வெயில் ஏறிய காலை. எட்வின் காய்ச்சல் என்று படுத்துவிட்டான், அவள் தனியாக வந்தாள். பெரிய தெரு முனையில் ஒரு லாரி பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது, அதற்காக அவள் வண்டியை நிறுத்தினாள். லாரி போனது. அவள் திருகினாள், மில் ஐயா செருமினார், தெரு எழுந்து நின்றது, எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. தெருவின் பாதி வந்த பிறகுதான், கால் ஏன் இப்படிச் சுடுகிறது என்று அவள் குனிந்து பார்த்தாள். அவள் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தாள். செருப்பு ஜோடி இடது கையில், ஹேண்டிலோடு சேர்த்துப் பிடித்தபடி இருந்தது. வண்டியை அவள் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். எப்போது இறங்கினாள், எப்போது செருப்பைக் கழற்றினாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. சத்தம் கேட்டது, உடம்பு இறங்கிவிட்டது, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

இரண்டு பக்கமும் பார்த்தாள். யாராவது சிரித்திருந்தால்கூட அவளுக்குத் தேவலாம்போல இருந்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவருக்கும் ஆச்சரியமில்லை. ஐயா செருமினார், மேற்குத் தெருக்காரி இறங்கித் தள்ளுகிறாள், இதில் பார்க்க என்ன இருக்கிறது என்பதுபோல, கைகளைக் கட்டிக்கொண்டு எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவி மட்டும், "நல்ல புள்ள" என்றாள்.

சகாயமேரி செருப்பைக் கீழே போட்டாள். இரண்டு கால்களையும் நுழைத்துக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. அது அப்பாவை நினைத்து வந்ததா, அப்பாவைப்போலவே தானும் ஆகிவிட்டதற்காக வந்ததா என்று அவளுக்கே தெரியாது. அன்றைக்கு முட்டை போட வேண்டிய வீடுகளுக்கு அவள் போகவில்லை. வண்டியில் ஏறி, ஒரே மூச்சில் சந்தைப்பேட்டைக்குப் போய், உதிரிபாகக் கடையில் புதுக் கிளட்ச் ஷூவும் ஸ்பிரிங்கும் வாங்கிக்கொண்டு திரும்பினாள். வழியில் ஐயா எத்தனையோ முறை யார்றா என்று கேட்டார். பதிலுக்கு அவள் ஆக்சிலேட்டரை இன்னும் திருகினாள்.

ரேஷன் கடைக்கு முன்னால், அந்த வாரச் சனிக்கிழமை, அரிசி போடுகிற நாள் என்பதால் ஊர் முழுவதும் வரிசையில் நிற்கிற நேரத்தில், அவள் வண்டியை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினாள். தனபாலிடம் ஸ்பேனர்களையும், கிளட்ச்சைப் பிடுங்குகிற கருவியையும் கேட்டு வாங்கி வந்திருந்தாள். கொடுக்க மாட்டேன் என்றவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்தான், கொடுத்துவிட்டு, பின்னாலேயே வந்து தள்ளி நின்றான். அவள் சாக்கை விரித்து உட்கார்ந்து, கிளட்ச் மூடியின் முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தாள்.

வரிசை கலைந்தது. ஊர் அவளைச் சுற்றி வந்தது. "அடியே, பாவம்டி" என்றார்கள். "ஊருக்கு ஒரு காவல் இருக்கு, அதையும் கெடுக்காத" என்றார்கள். ஜெயச்சந்திரனுக்கு ஆள் போனது. எட்வின் காய்ச்சலோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு ஓடி வந்து, "குடும்ப மானத்தைக் கழட்டுறாளே" என்று தலையில் அடித்துக்கொண்டான். ஒருவர்கூட அவள் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. தடுக்க வேண்டுமானால் வண்டிக்குப் பக்கத்தில் போக வேண்டும், ஐயாவின் பக்கத்தில் போய் அவர்களுக்குப் பழக்கமில்லை.

"அடுத்து நடுவுல இருக்கிற நட்டு" என்றான் தனபால், தூரத்திலிருந்து, பிறகு எஞ்சினைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்கய்யா" என்றான். "இப்ப அந்தக் கருவியைப் போட்டு இழு. மன்னிச்சுக்கங்கய்யா. மெதுவா."

கிளட்ச் கழன்று வந்தது. உள்ளே, தனபால் முதலில் சொன்னபடியேதான் இருந்தது. பிறை வடிவத்தில் இரண்டு ஷூக்கள், கண்ணாடிபோல வழவழத்து, ஒன்றின் ஸ்பிரிங் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவற்றைச் சுற்றிக் கறுப்புத் தூசி அப்பியிருந்தது. தூசியிலிருந்து பன்னீர்ப் புகையிலை வாசனை வந்தது, அவர் உயிரோடு இருந்தபோது பத்தடி தூரத்துக்கு வருகிற அதே வாசனை. அவள் இரண்டு முறை தும்மினாள். பழைய ஷூக்களைக் கழற்றிச் சாக்கின் ஓரத்தில் வைத்தாள், அவற்றை மூடியிருந்த கிண்ணம்போன்ற டிரம்மைப் பெட்ரோலில் கழுவினாள், அதன் உள்சுவரில் ஏறியிருந்த பளபளப்பை எடுப்பதற்காக உப்புத்தாளை மடித்து முதல் தேய்ப்பு தேய்த்தாள்.

"யார்றா அங்க?" என்று டிரம் கேட்டது.

ஊர் முழுவதும் நிமிர்ந்தது. "நான்தாங்கய்யா" என்று நூறு வாய்கள் திறப்பதற்குள் சகாயமேரி சொன்னாள்:

"சகாயமேரி. இன்னாசி மக."

அவள் மறுபடி தேய்த்தாள். "யார்றா அங்க?" என்றது, இந்த முறை கொஞ்சம் கோபமாக.

"முட்டை விக்கிறவ. மேற்குத் தெரு."

"யார்றா..."

"காது கேக்கலையா? சகாயமேரி."

அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள், அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், அவள் ஒவ்வொரு முறையும் பேரைச் சொன்னாள். ஈரச் சரளை மணலாயிற்று, மணல் மாவாயிற்று. கடைசியில், தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிற கிழவனுடையதைப்போல, "யாரு?" என்று மட்டும் ஒரு குரல் வந்தது. மரியாதை இல்லாத அந்த 'டா' அதில் இல்லை. அவள் கை ஒரு கணம் நின்றது. "நீங்க போங்க" என்றாள், மெதுவாக. பிறகு தேய்த்தபோது உப்புத்தாளின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அவள் புது ஷூக்களையும் ஸ்பிரிங்குகளையும் மாட்டி, மூடியைப் போட்டு முடுக்கி, வண்டியை மிதித்தாள். வண்டி கிளம்பியது. சத்தமில்லை, உதறலில்லை, நெய்யில் கத்தி இறங்குவதுபோலக் கிளட்ச் பிடித்தது. அவள் அதில் ஏறி, ரேஷன் கடையை ஒரு சுற்று சுற்றி, வீட்டுக்குப் போனாள்.

அவள் போன பிறகு ஊர் என்ன செய்தது என்று நினைக்கிறீர்கள்? ஒவ்வொருவராக வந்து, சாக்கில் கொட்டிக்கிடந்த கறுப்புத் தூசியை ஒரு விரலால் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டார்கள். எட்வினும் பூசிக்கொண்டான், அவன் முதலில் சிலுவை போட்டுக்கொண்டு அப்புறம் பூசிக்கொண்டான். போலீஸ்காரர் கொஞ்சம் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டார். தேய்ந்த ஷூக்கள் இரண்டையும் ஜெயச்சந்திரன் பட்டுத் துணியில் ஏந்திக்கொண்டு, அழுதபடி வீட்டுக்குப் போனான்.

சித்திரையில் ஆலை வாசலில் ஒரு மண்டபம் எழும்பியது. நடுவில் கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் சிவப்பு வெல்வெட்டில் பிறை வடிவத்தில் இரண்டு கிளட்ச் ஷூக்கள், அறுந்த ஸ்பிரிங் தனியாக ஒரு வெள்ளித் தட்டில். பெட்டிக்குப் பக்கத்தில் பிரம்பு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். திறப்பு விழாவுக்கு ஊர் முழுவதும் வந்தது, மேற்குத் தெருவும் வந்தது. சாலையை அடைத்து நின்றார்கள். நாதஸ்வரம் வாசித்து முடித்தது, ரிப்பன் வெட்டியாகிவிட்டது, இனி ஐயா ஒரு செருமு செருமினால் எல்லோரும் பதில் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகலாம். பெட்டி செருமவில்லை. காத்திருந்தார்கள். வெயில் உச்சிக்கு வந்தது. மண்டபத்துக்குள் நாற்காலிகள் வரிசையாகக் காலியாகக் கிடந்தன, ஆனால் முதலில் உட்கார்கிற ஆளாக இருக்க யாருக்கும் தைரியம் இல்லை. ஒரு கர்ப்பிணி மயங்கிச் சாய்ந்தாள், அவளைத் தாங்கிப் பிடித்து நிற்கவைத்தார்கள்.

அந்த நேரத்தில் சகாயமேரி பரோட்டா கடைக்கு முட்டை ஏற்றிக்கொண்டு அந்த வழியாக வந்தாள். வண்டியில் சத்தம் இல்லாததால் அவள் வந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. ஹாரன் அடித்தாள், யாரும் திரும்பவில்லை. "கொஞ்சம் வழி விடுங்க" என்றாள். "அண்ணே, வழி." அவள் கேட்கக் கேட்க இன்னும் நெருக்கி நின்றார்கள். கூட்டத்தின் இடுக்கில் அவளுக்கு அந்தக் கர்ப்பிணியின் முகம் தெரிந்தது. உதடு வெளுத்து, கண் செருகி, இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்து நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"ஏய்!" என்று கத்தினாள் சகாயமேரி. அவ்வளவு பெரிய சத்தம் தன் தொண்டையில் இருக்கிறது என்று அவளுக்கே அதுவரைக்கும் தெரியாது. "அறிவிருக்கா உங்களுக்கெல்லாம்? புள்ளத்தாச்சியக் கீழ உக்கார வைங்கடா! போய் அவங்கவங்க பொழப்பப் பாருங்க!"

கூட்டம் அசைந்தது. கர்ப்பிணியை உட்கார வைத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். மற்றவர்கள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, "சரிங்கம்மா", "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு, வரிசையாக வீட்டுக்குப் போனார்கள். அவள் சொன்னதில் இருந்த நியாயத்துக்காக அவர்கள் போகவில்லை. அதட்டலாகச் சொன்னாள், போனார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு மாட்டுக்காரன் அதே நேரத்தில் தன் மாட்டை அதட்டியிருந்தால் அதற்கும் போயிருப்பார்கள். சகாயமேரிக்கு அந்த "சரிங்கம்மா"வைக் கேட்டதும் டீக்கடை வாசலில் கேட்ட "நான்தாங்கய்யா" மறுபடி காதில் விழுந்ததுபோல இருந்தது.

சாலை காலியானது. மண்டபத்தில் ஜெயச்சந்திரன் மட்டும் மிச்சம் இருந்தான். விடியற்காலையிலிருந்து நின்ற கால்களை மாற்றி மாற்றி ஊன்றி, பிரம்பு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அவன் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான், பிறகு வண்டியில் உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்தான்.

"நான் உக்காந்துக்கலாமா?" என்று கேட்டான்.

"உங்க நாற்காலி. என்னை எதுக்குக் கேக்குறீங்க?"

அவன் நாற்காலியின் முதுகை விடவில்லை. அவள் சொல்லப்போகிற வார்த்தைக்காகக் காத்திருந்தான், ஐம்பது வயதுக் கண்ணில் அப்படி ஒரு கெஞ்சல். 'உக்காரு' என்று ஒரே ஒரு சொல், அதட்டிச் சொன்னால் போதும், உட்கார்ந்துவிடுவான். அந்தச் சொல் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் அதை விழுங்கிக்கொண்டு, ஆக்சிலேட்டரைத் திருகினாள். பரோட்டா கடைத் திருப்பத்தில் கண்ணாடியில் பார்த்தபோது அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தான்.